மலிவு மடக்குக் கத்திகள்: பார்த்து வாங்க, பதம் பிடிக்க, ஒப்பிட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தவர்களை மனதில் வைத்து எழுதிய இந்த வழிகாட்டியில் மலிவு என்றால் 2,000 ரூபாய்க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சாக்கு விரித்து விற்கும் 100 ரூபாய்ப் பேனாக்கத்தியும் இதில் வரும், ஆன்லைனில் வரும் சீன லைனர் லாக் (தகட்டுப் பூட்டு) கத்தியும் வரும், தள்ளுபடி நாளில் மாட்டினால் பிரான்ஸ் ஒபினெலும் விக்டோரினாக்ஸின் சின்ன மாடல்களும் வரும்.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு தாளை வெட்டிப் பார்த்துவிட்டு "இது சூப்பர், அது வேஸ்ட்" என்று முடிவு கட்டுவதுதான் இந்த விலையில் பலரும் செய்வது. அப்படிப் பார்க்கும்போது நீங்கள் ஒப்பிடுவது எஃகை இல்லை. கம்பெனியில் அன்றைக்கு பெல்ட் கிரைண்டர் முன்னால் நின்ற ஆளின் கையை. மலிவுக் கத்தியில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் இரண்டு கோணத்தில் இருக்கும். எல்லாக் கத்திக்கும் ஒரே கோணத்தில், ஒரே தாளில் நீங்களே பதம் வைத்த பிறகுதான் ஒப்பீடு ஆரம்பிக்கிறது. அதனால் இங்கே பாதிக்கு மேல் சாணையும் அளவெடுப்புமாகத்தான் இருக்கும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம்

ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த 2016 விதிகள் இரண்டும் சேர்ந்து சொல்வது: பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவை 3, 4 அங்குலத்தோடு நின்றுவிடும் என்பதால் வீட்டில் சேர்த்து வைக்க இது குறுக்கே வராது.

வெளியே எடுத்துப் போவது வேறு கதை. கோர்ட், கலெக்டர் ஆபீஸ், திருவிழாக் கூட்டம், தேர்தல் நேரத்துச் சோதனைச் சாவடி, இங்கெல்லாம் பையில் கத்தி இருந்தால் அளவைச் சொல்லி வாதாடிப் பிரயோஜனம் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு போய் மெட்ரோ ஏறுகிறவர்கள் ஸ்கேனரில் மாட்டுவார்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிபோகும். செக்-இன் பெட்டியில் போடுங்கள். பட்டனைத் தட்டினால் ஸ்பிரிங்கில் தானே பாயும் கத்தியைச் சேகரிப்பில் சேர்க்கவே வேண்டாம். டெல்லியில் இந்த வகைக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்று தனி வரம்பே இருக்கிறது. தலைவலியைத் தவிர அதில் சேகரிக்க ஒன்றும் இல்லை.

முதல் ஐந்து கத்திகள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருடத்தில் ஒரே மாதிரி பதினைந்து கத்தி சேர்ந்துவிடும், ஒப்பிட ஒன்றும் இருக்காது. முதலில் பூட்டு முறைக்கு ஒன்று என்று எடுங்கள்.

ஒன்று, பூட்டே இல்லாதது. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் பேனாக்கத்தி. விக்டோரினாக்ஸ் இந்த வகைதான். அதன் நிறுவனர் கார்ல் எல்ஸ்னர் 1884இல் சுவிட்சர்லாந்தில் பட்டறை தொடங்கினார், 1897இல் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். 58 மி.மீ. நீள கிளாசிக் மாடல் சாவிக்கொத்தில் தொங்கும் அளவு. விலைக்கேற்ற சீரான ஃபினிஷிங் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, மற்றவற்றை அளக்கும் அளவுகோலாக இது ஒன்று கையில் இருக்கட்டும்.

இரண்டு, வளையப் பூட்டு. ஒபினெல் 8ஆம் எண். பிளேடு 8.5 செ.மீ., பீச் மரக் கைப்பிடி, கழுத்தில் திருகும் உலோக வளையம். 1890இல் தொடங்கிய கத்திக்கு 1955இல்தான் இந்த வளையம் வந்தது. 2 முதல் 5 வரையிலான எண்களில் வளையம் கிடையாது, 6 முதல் உண்டு. கார்பன் எஃகு, ஸ்டெய்ன்லெஸ் என்று இரண்டு விதமாக வருகிறது. முடிந்தால் இரண்டையுமே வாங்குங்கள். கைப்பிடி ஒன்று, வடிவம் ஒன்று, எஃகு மட்டும் வேறு. இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டு ஜோடி இந்த விலையில் கிடைக்காது.

மூன்று, லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் வளைந்து பிளேடின் அடியை முட்டுக்கொடுக்கும். கான்ஸோ, சன்ரென்மு போன்ற சீனக் கம்பெனிகள் இதில் நிறைய. நான்கு, ஜப்பானின் ஹிகோனோகாமி மாதிரி பூட்டும் ஸ்பிரிங்கும் இல்லாமல், பின்னால் நீட்டியிருக்கும் நாக்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கிற வகை. இது கிடைக்காவிட்டால், கைப்பிடியின் முதுகில் இருக்கும் தண்டு பிளேடைப் பிடித்துக்கொள்ளும் முதுகுப் பூட்டு வகை ஒன்று.

ஐந்தாவது உள்ளூர்ச் சரக்கு. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தை, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை மாதிரி இடங்களில் அரிவாள், களைக்கொத்தி விரித்திருக்கும் கடைகளின் ஓரத்தில் மடக்குச் சூரி கிடைக்கும். பெயரும் இருக்காது, முத்திரையும் இருக்காது. பட்டறைச் சரக்கு என்றால் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. கார்பன் அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். சரியாகச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினம் ஏற்றியிருந்தால் ஆன்லைன் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' கத்திகளை இது ஓரம் கட்டிவிடும். ஏற்றாமல் விட்டிருந்தால் ஆணி மாதிரி வளையும். இரண்டுமே நடக்கும் என்பதால்தான் இதைச் சோதிப்பதில் ருசி. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் கத்திப் பெட்டியில் உள்ளூர் இரும்பு ஒன்றுகூட இல்லாமல் இருப்பது நன்றாகவா இருக்கும்?

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கத்தி தனி ஜாதி. ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. ஒட்டுக்குச்சியை ஆப்பாகச் சீவும்போது இருபக்கச் சரிவுக் கத்தி உள்ளே இறங்கிக் குழி விழும். ஒருபக்கச் சரிவு நேராக ஓடும். சீவிய முகம் தட்டையாக இருந்தால்தான் தாய்ச்செடியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும். இதை மற்றக் கத்திகளோடு ஒரே வரிசையில் போட்டு மார்க் போடாதீர்கள்.

கடையில் நின்றபடி பார்க்க வேண்டியவை

கத்தியை மடக்கி, மேலிருந்து பாருங்கள். பிளேடு இரண்டு சுவருக்கும் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா? கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் கீல் திருகைச் சரிசெய்து நேராக்கலாம். ரிவெட் அடித்த கத்தி என்றால் அந்த வழி இல்லை. உரசல் கடைசிவரை இருக்கும்.

அடுத்து விரித்துப் பிடித்து ஆட்டம் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் திருகை இறுக்கினால் போகும். மேல்-கீழ் ஆட்டம் போகாது. அது பூட்டும் பிளேடின் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் உள்ள குறை. மேல்-கீழ் ஆடும் கத்தியை என்ன விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

லைனர் லாக் என்றால் தகடு எவ்வளவு தூரம் உள்ளே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பிளேடு அடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வந்து நின்றால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். எதிர்ச் சுவரையே தொட்டுவிட்டால் தேய இடமில்லை, சீக்கிரமே ஆட்டம் வரும். பிறகு பிளேடின் முதுகை மேஜை விளிம்பில் வைத்துக் கையால் அழுத்துங்கள். விரல்கள் கைப்பிடியின் பக்கங்களில் இருக்கட்டும், பிளேடு மடங்கி விழும் பாதையில் ஒரு விரலும் கூடாது. ஓங்கித் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. நல்ல பூட்டும் அதில் கெடும்.

வெளிச்சத்துக்கு நேராகக் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, பிடித்து நுனி முதல் அடி வரை பாருங்கள். வாய் மின்னக் கூடாது. மின்னும் இடம் மழுங்கல் அல்லது பொரிந்த இடம். சரிவின் அகலம் நுனியில் திடீரென்று கூடினால் கிரைண்டரில் நுனியை அதிகம் அமுக்கியிருக்கிறார்கள்.

பிளேடில் எழுதியிருப்பது

வெறும் 'ஸ்டெய்ன்லெஸ்' என்றோ 'சர்ஜிக்கல்' என்றோ இருந்தால் 3சிஆர்13, 420 ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் 0.3 சதவீதம் பக்கம், கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 52 முதல் 55. துரு பிடிக்காது, சீக்கிரம் பதம் வரும், சீக்கிரம் போகும். '440' என்று எழுதி ஏ, பி, சி எதுவும் போடாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் சி இல்லை. 8சிஆர்13எம்ஓவி என்பதில் கார்பன் 0.8, குரோமியம் 13 சதவீதம். நன்றாகச் சூடேற்றிக் குளிர்வித்திருந்தால் 57 முதல் 59 வரை வரும். இந்த விலையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய எஃகு இதுதான். ஒபினெல் ஸ்டெய்ன்லெஸ்ஸில் வருவது ஸ்வீடனின் 12சி27 வகை, கார்பன் 0.6. அளவு குறைவாகத் தெரிந்தாலும் எஃகுக்குள் இருக்கும் கார்பைடு என்ற கடின மணிகள் நுணுக்கமானவை என்பதால் மெல்லிய வாயைத் தாங்கும்.

டி2 என்றால் கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம். குரோமியத்தின் பெரும்பகுதி கார்பைடு மணிகளுக்குள் சிக்கிக்கொள்வதால் இது முழு ஸ்டெய்ன்லெஸ் இல்லை. கிளிமூக்கு மாங்காய்த் துண்டு ஒன்றைப் பிளேடின் மேல் கால் மணி நேரம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். 3சிஆர்13 அப்படியே இருக்கும், டி2வில் சாம்பல் புள்ளி வரலாம், கார்பன் எஃகு நீலக்கறுப்பாகிவிடும். டி2 என்று விற்ற கத்தியில் எத்தனை தடவை வைத்தாலும் ஒன்றுமே வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. கடினப்படுத்திய கத்தி எஃகு எல்லாமே காந்தத்தில் ஒட்டும். 'டமாஸ்கஸ்' வரிகள் (பல எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்ததில் தெரியும் கோலம்) நிஜமா என்று பார்க்க, கைப்பிடிக்குப் பக்கத்தில் மறைவான இடத்தில் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். இரண்டு தேய்ப்பில் வரி மறைந்தது என்றால் எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு தடவிப் பாருங்கள். நிஜமாக இருந்தால் வரி திரும்ப வரும். லேசரில் வரைந்தது என்றால் போனது போனதுதான்.

ராக்வெல் எண்ணைத் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓசூர் சிப்காட் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் வேலை செய்யும் இடங்களில் மெஷின் இருக்கும். பிளேடைக் கழற்றி, கீலைச் சுற்றியுள்ள தட்டையான பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். சரிந்த பகுதியில் வைத்தால் அளவு தப்பாக வரும். சின்னக் குழியும் விழும்.

அளவெடுப்பது

ஒரு டிஜிட்டல் காலிப்பரும் 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் போதும். காலிப்பர் உலோக உடம்போடு 0.01 மி.மீ. காட்டுவதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் காலிப்பர் 0.1தான் காட்டும், இந்த வேலைக்கு ஆகாது.

எடை, பிளேடு நீளம், முதுகுத் தடிமன் எல்லாம் எடுங்கள். ஆனால் உயிர் அளவு ஒன்றுதான்: வாயிலிருந்து 1 மி.மீ. மேலே பிளேடு எவ்வளவு தடிமன்? 0.3 முதல் 0.5 மி.மீ. என்றால் அது வெட்டும். 0.8ஐத் தாண்டினால் எவ்வளவு பதம் வைத்தாலும் பிளக்கத்தான் செய்யும். ஒரு தடித்த கேரட்டை எடுத்து மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். மெல்லிய கத்தி சத்தமில்லாமல் கடைசிவரை போகும். தடித்த கத்தி பாதியில் நிற்கும்போதே 'டப்' என்று கேரட் உடையும்; உடைந்த முகத்தைப் பார்த்தால் மேல் பாதி வழவழப்பாகவும் கீழ்ப் பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். விலை உயர்ந்த எஃகில் தடித்த பிளேடும், சாதா எஃகில் மெல்லிய பிளேடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அன்றாட வேலையில் ஜெயிப்பது இரண்டாவதுதான். ஒபினெல் இத்தனை ஆண்டு நிற்பதற்குக் காரணமும் அந்த மெலிவுதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதம்

சாணை வண்டிக்காரரிடம் மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அந்தச் சக்கரம் சரி. மெல்லிய நுனியில் சூடு போக வழியில்லாமல் தேங்கி நின்றுவிடும். கார்பன் எஃகு 220 டிகிரி பக்கம் வைக்கோல் நிறமாகும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். நீலம் வந்த இடத்தில் கடினம் போய்விட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்துக் கழிக்கும்வரை பதம் நிற்காது. கம்பெனியில் ஓட்டிய பெல்ட்டும் இதே வேலையை லேசாகச் செய்திருக்கும். புதுக் கத்தி முதல் தடவை சீக்கிரம் மழுங்கி, இரண்டு மூன்று சாணைக்குப் பிறகு நன்றாக நிற்பது பல சமயம் இதனால்தான்.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகள் கிடக்கும். பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் ஒரு சாண் நீளத் துண்டு கேட்டு வாங்குங்கள். அதைவிடத் தட்டையான தளம் வீட்டில் வேறு இருக்காது. அதன்மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை ஒட்டினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். 320, 800, 1500 நம்பர்களில் இரண்டிரண்டு தாள் போதும். வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கான் கார்பைடு, டி2வின் குரோமியம் கார்பைடு மணிகளைவிடக் கடினம். அதனால் சாதாக் கல்லில் வழுக்கும் டி2கூட இதில் தேயும், தாள் மட்டும் வேகமாகத் தீரும்.

கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி என்று எல்லாக் கத்திக்கும் வையுங்கள். பிளேடின் அகலத்தை 0.34ஆல் பெருக்கினால் முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரும். 20 மி.மீ. அகலப் பிளேடுக்கு 6.8 மி.மீ. 15 டிகிரி வேண்டுமானால் 0.26ஆல் பெருக்குங்கள், 5.2 மி.மீ. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவிக் கல்லின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் முதுகை அதில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இழுக்கும் திசை முக்கியம். முதுகு முன்னால், வாய் பின்னால் வர இழுங்கள். வாயை முன்னால் தள்ளினால் தாள் கிழியும். தொடங்குமுன் வாயின் இரண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். நான்கு இழுப்புக்குப் பிறகு பாருங்கள்: மேல் ஓரத்தில் மட்டும் கறுப்பு போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள், வாய் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

320இல் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் பிசிர் எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே தடவினால் விரல் ரேகையில் மாட்டும். வாய் நெடுகப் பிசிர் வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பாதியில் மாற்றினால் நடுவில் மழுங்கல் நின்றுவிடும். 'எவ்வளவு தேய்த்தும் பதம் வரவில்லை' என்பவர்களில் பலருக்கும் நடப்பது இதுதான். மறுபக்கமும் அதேபோல முடித்து, 800க்குப் போய் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். கடைசிப் பத்து இழுப்பு, கத்தியின் எடை மட்டும் விழும்படி பக்கம் மாற்றி மாற்றி.

3சிஆர்13 ரகத்தை 800இலேயே நிறுத்துங்கள். மெருகு ஏற்ற ஏற்ற அதன் கடி போய்விடும். 8சிஆர்13எம்ஓவி, 12சி27, கார்பன் எஃகு மூன்றும் 1500 வரை தாங்கும். ஆனால் ஒப்பீட்டுச் சோதனைக்கு மட்டும் எல்லாவற்றையும் 800இல் நிறுத்தி, பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பலகையில் ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டி தடவி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. அதோடு சரி.

ஒப்பீட்டுச் சோதனை

பிளேடின் நடுவில் 3 செ.மீ. அளந்து இரண்டு பக்கமும் மார்க்கரில் கோடு போடுங்கள். வெட்டுவதெல்லாம் அந்த 3 செ.மீட்டரிலேயே நடக்கட்டும். இல்லாவிட்டால் நீளக் கத்தி சும்மாவே ஜெயிக்கும்.

வெட்டும் பொருள் மூன்றடுக்கு அட்டைப்பெட்டி. 30 செ.மீ. அகலத்தில் கீறி வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் நெளிகளுக்குக் குறுக்காக வெட்டுங்கள். பத்து வெட்டு என்றால் 3 மீட்டர். ஒவ்வொரு 3 மீட்டருக்கும் தினத்தாளின் ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டு அந்த 3 செ.மீ. பகுதியால் கீறிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று தடவை கிழிந்தால் கணக்கை நிறுத்தி மீட்டரை எழுதுங்கள். மறுசுழற்சி அட்டையில் மணல் துகள் இருக்கும், பெட்டிக்குப் பெட்டி மாறும். அதனால் ஒரு கத்தியை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், ஒரே பெட்டியில் கத்திகளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பெட்டியின் குறை எல்லோருக்கும் பங்காகிவிடும். ஒரு கத்திக்குக் குறைந்தது இரண்டு சுற்று, நடுவில் புதுப் பதம். இரண்டு சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் உங்கள் பதம் சீராக இல்லை என்று அர்த்தம். எஃகைக் குற்றம் சொல்லுமுன் மூன்றாவது சுற்று ஓட்டுங்கள். தேங்காய்நார்க் கயிற்றிலும் செய்யலாம். நாரில் மண் ஏறியிருக்கும் என்பதால் சீக்கிரம் முடிவு தெரியும், ஆனால் எண்கள் தாறுமாறாக வரும்.

கூர்மையை எண்ணில் பிடிக்கத் தராசு உதவும். இரண்டு மரக்கட்டைக்கு நடுவே தையல் நூலை இறுக்கிக் கட்டி, அப்படியே தராசின் மேல் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கத்தியை இழுக்காமல் நூலின் மேல் நேராக இறக்கி, நூல் அறும் கணத்தில் தராசு என்ன காட்டியது என்று பாருங்கள். ஃபோனில் வீடியோ எடுத்தால் கடைசி எண்ணைப் பிடிக்கலாம். ஐந்து தடவை செய்து நடு எண்ணை எடுங்கள். ஒரே கண்டு நூல், ஒரே இறுக்கம் இருந்தால்தான் பேச்சு. பதம் வைத்ததும் ஒரு எண், 3 மீட்டர் அட்டைக்குப் பிறகு ஒரு எண் என்று எழுதிக்கொண்டே வந்தால் எந்தக் கத்தி முதலில் சரிந்து பிறகு நின்றது, எது மெதுவாகச் சரிந்தது என்று தெரியும். மென்மையான எஃகு வேகமாகச் சரிவதற்குக் காரணம் தேய்மானத்தைவிட வாய் உருண்டு மடிவது. தோலில் பத்து இழுப்பு இழுத்ததும் பாதி திரும்பி வந்தால் அது மடிப்பு. வரவில்லை என்றால் தேய்மானம்.

கைப்பிடிக்கு மெஷின் சோதனை கிடையாது. அரை மணி நேரம் சாக்குக் கயிறும் சொட்டுநீர்க் குழாயும் வெட்டிவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே கைப்பிடி தப்பு. பெரும்பாலும் பாக்கெட் கிளிப்தான் குற்றவாளி. கழற்றிவிடலாம்.

கழற்றுவதும் எண்ணெயும்

இந்தப் பக்கத்துச் செம்மண்ணும் கிரானைட் தூசியும் கீலுக்குள் போய்க் கரகரவென்று உரசும். திருகு வகைக் கத்திகளில் பெரும்பாலும் கீலுக்கு டி8, உடம்புக்கு டி6 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் திருகுத்தலை). அளவு பொருந்தாத பிட்டைப் போட்டால் மலிவுத் திருகின் தலை ஒரே திருப்பில் வழுக்கிவிடும். அசையவில்லை என்றால் உள்ளே பசை இருக்கிறது. சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகுத் தலையில் பத்து, பதினைந்து விநாடி வைத்தால் இளகும். வெள்ளைத் துணிமேல் கழற்றுங்கள், ஒவ்வொரு அடுக்கையும் ஃபோட்டோ எடுங்கள். வெண்கல வாஷரா, நைலானா, பேரிங்கா என்று இப்போதுதான் தெரியும். மலிவுப் பேரிங் சிலவற்றில் குண்டுகள் கூட்டைவிட்டு உருண்டு ஓடும். மாட்டும்போது கீல் திருகை முழுக்க இறுக்கிவிட்டு எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். லைனர் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால் பிளேடின் அடிமுகத்தில் பென்சிலால் கறுக்கத் தேயுங்கள். கிராஃபைட்டில் வழுகும்.

எண்ணெய் விஷயத்தில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டிலில் கட்டியாக நிற்பது கீலிலும் அப்படியேதான் நிற்கும், பிளேடு விரியாது. கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழம் நறுக்கும் பிளேடுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், துணியில் தொட்டு லேசாக. கார்பன் பிளேடில் மாங்காய், புளி பட்டால் உடனே கழுவித் துடையுங்கள். நீலக்கறுப்பு வந்தால் அது கெடுதல் இல்லை, செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். செம்புள்ளிதான் ஆகாது.

ஐப்பசி மழையில் ஒபினெல் மரம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், பிளேடில் உள்ள நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தாலும் அசையாது. இடுக்கி போட்டு இழுக்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையை மேஜையில் தட்டினால் பிளேடு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். நிழலில் இரண்டு நாள் விரித்து வைத்துக் காய்ந்ததும் கீல் பள்ளத்தில் வாஸ்லைன் தடவுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

தோல் உறையில் போட்டுச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் கார்பன் எஃகைத் தின்னும். செய்தித்தாளில் சுற்றுவதும் அதே கதைதான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரி.

பதிவேடும் கழிவும்

ஒரு நோட்டிலோ ஃபோன் ஷீட்டிலோ கத்திக்கு ஒரு வரி: வாங்கிய தேதி, இடம், விலை, எடை, வாய்க்கு மேல் 1 மி.மீட்டரில் தடிமன், பூட்டு வகை, எழுதியிருந்த எஃகு, நூல் எண், அட்டை மீட்டர், கண்ட குறை. விலையை மீட்டரால் வகுத்து ஒரு பத்தியும் போட்டுப் பாருங்கள். 150 ரூபாய்ப் பேனாக்கத்தி சில சமயம் அதில் முதலிடத்துக்கு வந்துவிடும். அப்போது அதே மாடலில் இன்னொன்று வாங்கி, இரண்டாவதும் அதே எண் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் முதலாவது அதிர்ஷ்டச் சரக்கு, அந்த மாடலை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

பூட்டு நழுவும் கத்தியை யாருக்கும் இனாமாகக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். கழற்றி திருகு, வாஷர், கிளிப்பை உதிரிக்கு எடுத்துக்கொண்டு, பிளேடின் நுனியை உடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். பூட்டு நன்றாக இருந்து எஃகு மட்டும் மட்டம் என்றால் அது சாணை பழக உங்களுக்கே தேவைப்படும். அடுத்த டி2வில் 320 தாளை வைக்குமுன் கையைப் பழக்கிக்கொள்ள அதுதான் சரியான கத்தி.